எச்டிஎம்ஐ-யில் கறுப்பு சாம்பலாகத் தெரிகிறதா?

என்விடியா கிராபிக்ஸ் கார்டு உள்ள உங்கள் கணினியில், விஜிஏ கேபிளில் நன்றாக இருந்த திரை, எச்டிஎம்ஐ-க்கு மாற்றியதும் வெளிறிப்போய், கறுப்பெல்லாம் சாம்பலாகத் தெரிகிறது என்கிறீர்கள். மானிட்டர் பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டு உங்கள் மானிட்டரை டிவி என்று நினைத்துக்கொண்டு, 0 (கறுப்பு) முதல் 255 (வெள்ளை) வரை அனுப்ப வேண்டிய நிற அளவை 16 முதல் 235-க்குள் சுருக்கி அனுப்பும். 16-தான் கறுப்பு என்று மானிட்டருக்கு யார் சொல்வது? அது சாம்பலாகத்தான் காட்டும்.

உங்களுடையது என்விடியா கார்டு என்பதால், என்விடியா கண்ட்ரோல் பேனலில் 'சேஞ்ச் ரெசல்யூஷன்' பக்கத்தின் அடியில் பாருங்கள். 'யூஸ் என்விடியா கலர் செட்டிங்ஸ்' தேர்ந்தெடுத்து, கலர் ஃபார்மட்டை ஆர்ஜிபி-யிலும், 'அவுட்புட் டைனமிக் ரேஞ்ச்'-ஐ ஃபுல்லிலும் (அதாவது 0 முதல் 255 வரை முழுதாக) வைத்து அப்ளை கொடுங்கள். அப்புறம், சாம்பலைச் சரிசெய்ய பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட்டைத் திருகியிருந்தால் மானிட்டர் மெனுவில் ரீசெட் செய்துவிடுங்கள். இல்லையென்றால் இப்போது இருண்ட காட்சிகள் ஒரே கறுப்பாக அப்பிக்கொள்ளும்.