வாசகர் கேள்வி: கழிவுக்கான இடத்தைச் சபைகள் சேர்ந்து தெரிவு செய்யலாமா?

கேள்வி: ஒரு சபையின் குப்பையை இன்னொரு சபையின் எல்லைக்குள் கொட்டுவது எப்படி நியாயமாகும்? அயலிலுள்ள உள்ளூராட்சி மன்றங்கள் கூடிப் பேசிப் பொது இடமொன்றைத் திட்டமிட முடியாதா?
– வாசகர், வத்தளை

பதில்: முடியும். ஆனால் இலங்கையில் நமது சட்டங்கள் அந்த வழியில் எழுதப்படவில்லை. மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் 129 முதல் 131 வரையான பிரிவுகளும், நகர சபைகளுக்கும் பிரதேச சபைகளுக்கும் உரிய சட்டங்களிலுள்ள அவற்றை ஒத்த பிரிவுகளும், குப்பையை அகற்றும் கடமையையும் அதைப் போட இடம் காணும் கடமையையும் ஒவ்வொரு சபையிடமும் தனித்தனியே ஒப்படைக்கின்றன. நெருக்கமாக வீடுகள் எழுந்துவிட்ட நகரத்துக்கு அப்படியோர் இடம் எங்கே கிடைக்கும்? எனவே அது எல்லைக்கு வெளியே தேடுகிறது.

கொழும்பின் எல்லைக்கு வெளியே, கொலன்னாவையிலுள்ள மீதொட்டமுல்லையில் நடந்தது அதுதான். கொழும்பு மாநகரத்தின் குப்பை கொலன்னாவையில் குவிந்தது. மேட்டின் அடிவாரத்திலேயே வீடுகள் இருந்தன. அங்குள்ளவர்கள் பல ஆண்டுகளாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆனால் அவர்களுடைய வாக்கு கொழும்பு மாநகர சபைத் தேர்தலில் இல்லை. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று, குடும்பங்கள் வீட்டில் கூடியிருந்த பிற்பகலில் மேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் கொழும்பின் குப்பையை வேறு இடங்களுக்குத் திருப்பியபோது அங்கும் மக்கள் வீதிக்கு இறங்கினர். அரசாங்கமோ குப்பை அகற்றுவதை அத்தியாவசிய சேவையாக அறிவித்து, தடுப்பதைக் குற்றமாக்கியது. முன்கூட்டியே பேசியிருக்க வேண்டியதை வர்த்தமானியால் தீர்க்க முயன்றார்கள் என்பதே என் கருத்து.

இங்கிலாந்தில் லிவர்பூலும் அதைச் சூழ்ந்த ஐந்து சபைகளும் 2013இல் ஒரே கழிவுத் திட்டத்தை ஏற்றுக்கொண்டன. எவ்வளவு கழிவு வரும், எந்தெந்தக் காணியில் எவ்வகை நிலையம் அமையலாம் என்பதை வரைபடத்தில் குறித்து, மக்களின் கருத்தைக் கேட்டு, சுயாதீனப் பரிசோதகரின் ஆய்வுக்கு உட்படுத்திய பின்னரே அதை நிறைவேற்றினார்கள். லொறி வருவதற்கு முன்பே இடம் எதுவென்று ஊருக்குத் தெரிந்திருந்தது என்பதே இதில் நாம் கவனிக்க வேண்டியது.

கேள்வி: எல்லாச் சபைகளும் சேர்ந்து முடிவெடுத்தாலும், ஆட்கள் குறைந்த தூர இடம் என்று எங்கள் மாவட்டத்தைத்தானே காட்டுவார்கள்?
– வாசகி, புத்தளம்

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தொலைவிலுள்ள அறுவக்காட்டுக்கு ரயிலில் குப்பையைக் கொண்டுசெல்லும் திட்டத்தைப் புத்தளம் மக்கள் எதிர்த்ததை நாடே பார்த்தது. பெரும்பான்மை வாக்கால் ஓர் ஊரின் தலையில் சுமத்துவதைக் கூட்டுத் திட்டமிடல் என்று ஏற்க முடியாது. இடத்தைத் தெரிவு செய்யும் முதல் கூட்டத்திலேயே அவ்வூரின் சபைக்கு ஆசனமும், மறுக்கும் உரிமையும், தொன் கணக்கில் கட்டணமும், நிலையத்தை மூடும் திகதியும் எழுத்தில் இருக்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது, எது அனுப்பப்படுகிறது என்பது. நமது வீடுகளின் குப்பையில் பாதிக்கு மேல் சமையலறைக் கழிவு. மீந்த சோறும் மரக்கறித் தோலும் ஒரே சொப்பிங் பையில் பிளாஸ்டிக்குடன் கட்டப்பட்டு ஏற்றப்படும்போது, பெட்டியின் அடியிலிருந்து கறுத்த நீர் வழிநெடுகச் சொட்டிக்கொண்டே போகும். மேட்டுக்குள் போனபின் அதுவே கிணற்றுக்கு இறங்கும் கழிவுநீராகவும் தீப்பற்றும் வாயுவாகவும் மாறும். ஈரக் கழிவை அந்தந்தச் சபை தன் எல்லைக்குள்ளேயே பசளையாக்கி, எஞ்சியதை மட்டும் பொது நிலையத்துக்கு அனுப்புவதென்றால், அளவும் பாதியாகும், எதிர்ப்பும் தணியும்.

உங்கள் பகுதிக்கு எந்தச் சபை நாளொன்றுக்கு எத்தனை தொன் அனுப்புகிறது, எந்த உடன்படிக்கையின் கீழ் அனுப்புகிறது என்பதை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். உங்கள் சபையின் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும்.