வேடந்தாங்கலுக்கு ஃபுல் ஃப்ரேமா, ஏபிஎஸ்-சியா?

வணக்கம் நண்பரே. ஒன்றரை லட்சம் பட்ஜெட்டில் வேடந்தாங்கல் பறவைகளைப் படமெடுக்க ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமரா பாடியும் 24-105 மி.மீ. லென்ஸுமா, ஏபிஎஸ்-சி (சின்ன சென்சார்) பாடியும் 100-400 மி.மீ. லென்ஸுமான்னு கேட்டிருக்கீங்க. யோசிக்கவே வேண்டாம், இரண்டாவதுதான்.

சென்சார்னா கேமராவுக்குள்ள ஒளியைப் பதிவு செய்யற சில்லு. ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36×24 மி.மீ. ஏபிஎஸ்-சி பரப்பளவில் அதில் பாதிகூட வராது. அதனால ஏபிஎஸ்-சியில் 400 மி.மீ. லென்ஸ் மாட்டினா, ஃபுல் ஃப்ரேமில் 600 மாட்டின மாதிரி காட்சி குறுகும். லென்ஸ் ஒண்ணும் நீண்டுடாது, ஓரம் வெட்டுப்படுது, அவ்வளவுதான். ஆனா இரண்டும் 24 மெகாபிக்சல்னா, ஏபிஎஸ்-சியில் பறவை மேல விழற பிக்சல் இரண்டு மடங்குக்கு மேல. 105-ல் எடுத்த நத்தைகுத்தி நாரை வெறும் வெள்ளைப் புள்ளி! நான் அப்படித்தான் முதல்ல பெரிய சென்சார் வாங்கி, ஒரு சீசன் முழுக்கப் புள்ளிகளைப் பெரிசாக்கிப் பார்த்துட்டிருந்தேன்.

ஏபிஎஸ்-சியோட நஷ்டம் விடியற்காலையில் தெரியும். பறக்கிற கூழைக்கடாவுக்கு ஷட்டர் வேகம் 1/2000 நொடி வெச்சா ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் அளவு) 6400 தாண்டிடும், நிழல்ல குருணை மாதிரி புள்ளி தெரியும். ஃபுல் ஃப்ரேம் அங்கே ஒரு ஸ்டாப்புக்கு (ஒரு ஸ்டாப்னா ஒளி இரண்டு மடங்கு வித்தியாசம்) சற்று மேல தாங்கும். வெயில் ஏறிட்டா வித்தியாசம் கண்டுபிடிக்கறது கஷ்டம்.

நிலக்காட்சி, இரவு வானம்னு கேட்டிருந்தா பதிலே வேற.

லென்ஸ் செகண்ட் ஹேண்டா வாங்கறீங்கன்னா, பின்பக்கம் டார்ச் அடிச்சு முன்பக்கமா பாருங்க. சிலந்தி நூல் மாதிரி தெரிஞ்சா அது பூஞ்சை, விட்டுடுங்க.