காட்டிக்கொடுப்பு என்ற சொல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் எழுத்துகளை மூன்று வருடமாக வாசிக்கிறேன், இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன். திருகோணமலை மாவட்டத்தில் ஓர் அரச அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எங்கள் பகுதியில் போட்ட கொங்கிறீட் வீதி ஒன்றின் பில் என் மேசைக்கு வந்தது. அளவீட்டில் கனம் ஆறங்குலம் என்று இருக்கிறது. தினமும் நான் போய்வருவதே அந்த வீதியால்தான். தண்ணீர்க் குழாய்க்கு வெட்டிய இடத்தில் இறங்கி அடிமட்டம் வைத்துப் பார்த்தேன். மூன்றரை அங்குலம்தான்.

எங்கள் பிரிவுக்குப் பொறுப்பானவரிடம் சொன்னேன். "மேலே எல்லாம் பார்த்துத்தான் அனுப்பியிருக்கினம், நீர் உம்முடைய வேலையைப் பாரும்" என்றார். அடுத்த நாள் தேத்தண்ணி நேரத்தில் ஒருவர், "காட்டிக்குடுக்கிற ஆள் வாறார், கதையை நிப்பாட்டுங்கோ" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். "நாங்கள் இழந்தது காணாதா, உனக்கேன் வீண் வம்பு" என்று அம்மா அழுகிறா.

படத்தோடு பேஸ்புக்கில் போடவா? மொட்டைக் கடிதம் எழுதவா? பேசாமல் இருந்துவிடவா? சட்டம் என்னைப் பாதுகாக்குமா?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் மூன்று வரிகளை வெட்டிவிட்டுத்தான் இங்கே போட்டிருக்கிறேன். வீதியின் பெயர், பில் உங்கள் மேசைக்கு வந்த நாள், கொந்தராத்துக்காரர் எந்தச் சமூகம் என்பது.

முதல் இரண்டும் உங்களுக்காக வெட்டியவை. பெயரை எழுதாமல் விட்டால் ஆள் தெரியாது என்று நினைக்கிறோம். சின்ன அலுவலகத்தில் அப்படியில்லை. ஒரு விஷயம் மூன்று பேருக்குத்தான் தெரியும் என்றால், அது வெளியே வந்ததும் அந்த மூவரில் யார் என்று மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் கண்டுபிடித்துவிடுவார்கள். இந்தியாவில் சத்யேந்திர துபே என்ற பொறியியலாளர் தேசிய நெடுஞ்சாலை வேலையில் நடந்த ஊழலைப் பற்றிப் பிரதமருக்கு எழுதினார். தன் அடையாளத்தை இரகசியமாக வைக்கும்படி கேட்டிருந்தார். கடிதம் மேசை மேசையாகப் போனபோது பெயரும் கூடவே போனது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த நாடு 2014இல் இதற்கென்றே ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவித்தல் ஆண்டுக்கணக்காக வரவில்லை.

மூன்றாவது வரியை வெட்டியது நம் மாவட்டத்துக்காக. தமிழர், முஸ்லிம், சிங்களவர் மூவரும் பெருந்தொகையாகக் கலந்து வாழும் இடம் இது. கொந்தராத்துக்காரர் இன்ன ஆள் என்று ஒரு சொல் விழுந்துவிட்டால், பிறகு யாரும் கொங்கிறீட்டின் கனத்தைப் பற்றிக் கதைக்க மாட்டார்கள். முறைப்பாடு இனப்பிரச்சினையாக மாறும், களவு எடுத்தவர் தன் சமூகத்தின் பின்னால் போய் நின்றுகொள்வார். இதை நான் பல தடவை கண்ணால் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அந்த வரியை எந்தக் கடிதத்திலும் எழுதாதீர்கள்.

இனி என் கதை. 1994இல் நானும் உங்களைப் போல ஓர் அலுவலகத்தில் இளம் எழுதுவினைஞர். இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு உலர் உணவு நிவாரணம் கொடுத்த காலம். பெற்றுக்கொண்டவர்கள் கையெழுத்து வைத்த பட்டியல்களைக் கூட்டிச் சரிபார்ப்பது என் வேலை. கையெழுத்துத் தெரியாதவர்கள் ஊதா மையில் பெருவிரலை வைத்திருப்பார்கள். ஒரு நாள் ஒரு பட்டியலில் ஒரு ரேகையின் நடுவே குறுக்காக வெள்ளைக் கோடு ஒன்று ஓடுவதைக் கண்டேன், பழைய வெட்டுக்காயத் தழும்பு மாதிரி. அடுத்த பக்கத்திலும் அதே கோடு. எண்ணிப் பார்த்தேன். பதினொரு குடும்பங்களின் பெயருக்கு நேரே அதே பெருவிரல். அதில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள் என்பது எனக்கே தெரியும்.

மேலதிகாரியின் அறைக்குப் போய் வாயால் சொன்னேன். "நல்லது பிள்ளை, நான் பார்க்கிறேன்" என்றார். பதினாறாம் நாள் இடமாற்றக் கடிதம் வந்தது. "சேவையின் தேவை கருதி" என்று இருந்தது. கிண்ணியாப் பாலம் இல்லாத காலம். விடியக்காலையில் இறங்குதுறைக்குப் போய் மூதூர் லோஞ்சைப் பிடிப்பேன், கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. ஒன்றரை வருடம் அப்படிப் போனேன். பிறகு கணக்காய்வு வந்து கேட்டபோது, அப்படி எதுவும் தன்னிடம் சொல்லப்படவில்லை என்று அதே அதிகாரி சொன்னார். அந்தப் பட்டியலும் பைலில் இல்லை. நான் சொன்னதற்கு என் கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இருக்கவில்லை. என்னைக் "காட்டிக்குடுத்தவள்" என்றவர்கள் அதற்குப் பிறகும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அந்தச் சொல்லைப் பற்றி நான் அன்றிலிருந்து யோசிக்கிறேன். நம் ஊரில் காட்டிக்கொடுப்பு சாதாரணச் சொல் அல்ல. போர்க்காலத்தில், ஆளை அடையாளம் காட்டுவதற்கென்று சாக்கால் முகம் மூடி நிறுத்திய ஆட்களின் முன்னால் வரிசையில் நின்ற தலைமுறை நாங்கள். ஒரு தலையாட்டலில் பிள்ளைகள் காணாமல் போனார்கள். அந்தச் சொல்லுக்குள் அத்தனை பிணங்கள் இருக்கின்றன. அதனால்தான் அதை உங்கள் மேல் எறிவது சுலபமாக இருக்கிறது, உங்களுக்கு அப்படி வலிக்கிறது. ஆனால் தம்பி, காட்டிக்கொடுத்தவன் பலமில்லாத மனுசனைப் பலமுள்ளவனிடம் ஒப்படைத்தான். நீங்கள் யாரை யாரிடம் ஒப்படைக்கிறீர்கள்? அந்த வீதிக்குக் காசு கொடுத்தவர்கள் மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரி கட்டுகிற சனம். அவர்களுடைய பொருள் எங்கே போனது என்று அவர்களிடம் சொல்வதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. தேத்தண்ணி மேசையில் சிரித்தவர்களுக்கும் அது தெரியும்.

உங்கள் அம்மாவின் பயத்தை நான் சின்னதாக எடுக்கவில்லை. 2006 ஜனவரி 2, திருகோணமலைக் கடற்கரை காந்தி சிலையடியில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். குண்டு வெடித்துச் செத்தார்கள் என்று முதலில் சொன்னார்கள். பிரேத பரிசோதனை துப்பாக்கிச் சூடு என்றது. அந்த உடல்களைப் படம் எடுத்த சுடர் ஒளி பத்திரிகையின் ஊடகவியலாளர் சுகிர்தராஜன் அதே மாதம் 24ஆம் திகதி இந்த நகரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். உண்மையைச் சொன்ன ஒரு மாணவனின் தகப்பன் நாட்டை விட்டே போகவேண்டி வந்தது. 2019 ஜூலையில் போதிய சாட்சியம் இல்லை என்று சந்தேக நபர்கள் 13 பேரையும் நீதிமன்றம் விடுவித்தது. ஒரு வீதிப் பில்லை அந்த இரவுக்குப் பக்கத்தில் வைக்க எனக்கு மனமில்லை. ஆனால் இந்த ஊர்த் தாய்மார் பிள்ளையின் வாயைப் பொத்துவது கோழைத்தனத்தால் அல்ல என்று சொல்லவே எழுதுகிறேன். அத்தனை பொய்க்கும் நடுவில் துப்பாக்கிச் சூடு என்று எழுதி வைத்தது ஓர் அரசாங்க வைத்தியரின் பேனா என்பதையும் நான் மறப்பதில்லை.

சட்டம் பாதுகாக்குமா என்று கேட்டீர்கள். முன்பைவிட இப்போது இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டம் 2015இல் முதலில் வந்தது, 2023இல் புதிதாக இயற்றப்பட்டது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அந்த வருடம் செப்டெம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. தகவல் கொடுப்பவரையும் ஊழலை வெளிப்படுத்துபவரையும் பழிவாங்கலில் இருந்து காக்கும் ஏற்பாடுகள் அதில் உண்டு. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் தொலைபேசி 1954. கடிதம் தமிழிலேயே எழுதலாம். தெரிந்துகொண்டு பொய் முறைப்பாடு செய்வது அதே சட்டத்தில் குற்றம் என்பதையும் மனதில் வையுங்கள்.

ஆனால் எந்தப் பழிவாங்கலும் பழிவாங்கல் என்று தலைப்புப் போட்டு வராது. "சேவையின் தேவை கருதி" என்றுதான் வரும். அதை உடைக்கத் திகதிகள் வேண்டும். நீங்கள் எழுத்தில் சொன்ன திகதி, அதற்குப் பிறகு வந்த இடமாற்றத்தின் திகதி. உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாதம்தான் தருகிறார்கள். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. திருகோணமலையிலேயே அவர்களுக்கு அலுவலகம் இருக்கிறது. எனக்கு 1994இல் இதை யாரும் சொல்லித் தரவில்லை, அந்த ஆணைக்குழுவே அப்போது பிறக்கவில்லை.

பேஸ்புக் வேண்டாம். அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவையின் 47ஆம் அத்தியாயத்தைக் காட்டி, அனுமதியின்றி அலுவலகத் தகவலை வெளியிட்டதாக உங்கள் மேல் குற்றப்பத்திரம் வைப்பார்கள். வீதியை விட்டுவிட்டு உங்களை விசாரிப்பார்கள். 2021இல் அரச விற்பனை நிலையமான சதொசவின் வெள்ளைப்பூண்டு மோசடியை வெளிப்படையாகச் சொன்ன நுகர்வோர் அதிகார சபையின் நிறைவேற்றுப் பணிப்பாளர் துஷான் குணவர்தனவே பதவியை விட்டுப் போகவேண்டி வந்தது. அவ்வளவு பெரிய கதிரைக்கே அந்த நிலை.

மொட்டைக் கடிதமும் எனக்குப் பிடிக்காது. அதைக் குப்பையில் போட மேலிடத்துக்கு ஒரு காரணம் தேவையில்லை. எழுதியது யார் என்று தேட மட்டும் எல்லாருக்கும் நேரம் இருக்கும்.

உங்களுக்கு முன்னால் இருக்கிற வழி வேறு. அந்தப் பில் அத்தாட்சிப்படுத்த உங்களிடம் வந்தால் கையெழுத்து வைக்காதீர்கள். அரசாங்கத்தின் நிதி விதிகளில் நிதிப் பிரமாணம் 138 அந்தப் பொறுப்பைக் கையெழுத்து வைத்தவரின் தலையில்தான் போடுகிறது. பைலில் ஒரு குறிப்பு எழுதுங்கள்: "வெட்டப்பட்ட இடத்தில் கனம் அளவீட்டுக்குக் குறைவாகத் தெரிகிறது. கொடுப்பனவுக்கு முன் கனத்தை மீளப் பரிசோதிக்கவும்." அவ்வளவு போதும். களவு என்ற சொல் வேண்டாம். நீங்கள் பார்த்தது ஓர் ஓரத்தை. நடு வீதியில் பல இடங்களில் துளைபோட்டு உருளைத் துண்டு (கோர்) எடுத்தால்தான் உண்மைக் கனம் தெரியும். அந்தக் கொந்தராத்துக்காரர் சரியாகச் செய்திருக்கவும் இடமுண்டு, அவருக்கும் அந்த நியாயத்தைக் கொடுங்கள்.

இன்னொரு கதவு சனத்தின் கையில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, அந்த வீதியில் குடியிருக்கும் யாரும் மதிப்பீட்டையும் அளவீட்டையும் பில்லையும் கேட்கலாம். ஏன் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். அந்தச் சட்டத்தின்படி வெளியிடக்கூடிய தகவலைக் கொடுத்த உத்தியோகத்தரைத் தண்டிக்க முடியாது என்று 40ஆம் பிரிவு சொல்கிறது. அந்த ஊர்க் கிராம அபிவிருத்திச் சங்கம் கேட்கட்டும். நாலு பெண்கள் அடிமட்டத்தோடு வீதிக்கு வந்தால் தேத்தண்ணி மேசைக்காரர் யாரைப் பார்த்துச் சிரிப்பார்? இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் இதுதான் என் வேண்டுகோள். உங்கள் ஊரில் இப்படி ஒரு பிள்ளை வாய் திறந்தால் தனியே நிற்க விடாதீர்கள். கேள்வியை உங்கள் பெயரில் கேளுங்கள்.

தம்பி, இன்றைக்கே ஒரு கொப்பி வாங்குங்கள். பில் எப்போது வந்தது, எங்கே அளந்தீர்கள், யாரிடம் என்ன சொன்னீர்கள், அவர் என்ன பதில் சொன்னார் என்று திகதியோடு எழுதுங்கள். பைலில் குறிப்பு வைத்த நாளையும் எழுதுங்கள். அலுவலகத்தின் மூலப் பத்திரம் எதையும் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். கொப்பியை எனக்கு அனுப்பவும் வேண்டாம். அது வீட்டில் எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா