படிவத்தை நிரப்பியது யார்?

கேள்வி: என் மகனுக்கு இருபத்தாறு வயது. பட்டம் பெற்று ஐந்து ஆண்டுகளில் மூன்று வேலை மாறிவிட்டான். இப்போது பார்ப்பதும் ஓராண்டு ஒப்பந்த வேலைதான். எங்களோடுதான் இருக்கிறான். திருமணப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறான். ஆயுள் காப்பீட்டுப் படிவத்தைக்கூட நான்தான் நிரப்பித் தர வேண்டியிருந்தது. அவன் வயதில் எனக்கு நிரந்தர வேலையும் மனைவியும் குழந்தையும் இருந்தன. இந்தத் தலைமுறைக்குப் பொறுப்பே கிடையாதா? இவர்கள் எப்போதுதான் பெரியவர்கள் ஆவார்கள்?

— பெயர் வெளியிட விரும்பாத ஒரு தந்தை

பதில்: உங்கள் கவலை உண்மையானது என்பது கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. ஆனால் அதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. உங்கள் மகனுக்கு நிலையான வேலையும் தனிக் குடும்பமும் ஏன் இன்னும் அமையவில்லை என்பது ஒன்று. அவர் பொறுப்பை ஏற்க ஏன் தயங்குகிறார் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கான விடை பெரும்பாலும் உங்கள் வீட்டுக்கு வெளியே இருக்கிறது. இரண்டாவதற்கான விடையில் ஒரு பங்கு உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

வேலை, வீடு, திருமணம், குழந்தை ஆகியவை இருபதுகளின் நடுவிலேயே அடுத்தடுத்து வந்து சேர்வதுதான் இயற்கை என்று நாம் நம்பிப் பழகிவிட்டோம். அமெரிக்காவில் முதல் திருமணம் செய்யும் ஆண்களின் இடைநிலை வயது 1960-இல் 22.8 ஆக இருந்து, 2020-இல் 30.5 ஆக உயர்ந்திருப்பதைக் காட்டி, இளைஞர்கள் தள்ளிப்போடுகிறார்கள் என்று பலரும் சொல்கிறார்கள். அதே நாட்டில் 1890-இல் அந்த வயது 26.1 ஆக இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், விதிவிலக்காக இருந்தது 1960-ஐ ஒட்டிய அந்தச் சில பத்தாண்டுகள்தான் என்பது விளங்கும். பள்ளிப் படிப்போடு தொழிற்சாலைக்குள் நுழைந்தவருக்கும் குடும்பம் நடத்தப் போதுமான ஊதியம் கிடைத்த காலம் அது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இளைஞர்கள் பெற்றோர் வீட்டைவிட்டு வெளியேறும் சராசரி வயது 2022-இல் பின்லாந்தில் 21.3, குரோஷியாவில் 33.4. பின்லாந்து இளைஞரைவிடக் குரோஷிய இளைஞர் பன்னிரண்டு ஆண்டு பொறுப்பற்றவர் என்று யாராவது சொல்வோமா? படிக்கும் காலத்திலேயே உதவித்தொகையும் வாடகைக்கு அரசின் உதவியும் கிடைக்கும் நாட்டில் பிள்ளைகள் சீக்கிரம் வெளியேறுகிறார்கள். அவை இல்லாத இடத்தில் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

உங்கள் மகனின் கையில் இருப்பது ஓராண்டு ஒப்பந்தம். அதைக் காட்டி இருபது ஆண்டுக் கடன் கேட்டால் எந்த வங்கியும் யோசிக்கும். திருமணப் பேச்சின்போது அவர் எழுந்து போவது அந்த ஒப்பந்தத்தில் இன்னும் எத்தனை மாதம் மிச்சம் என்று அவர் மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருப்பதாலும் இருக்கலாம். அதை என்னிடம் கேட்பதைவிட அவரிடமே கேட்டுவிடுவது நல்லது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் கணக்குப்படி 2023-இல் உலகெங்கும் வேலை தேடியும் கிடைக்காத இளைஞர்கள் ஏறத்தாழ ஆறரைக் கோடிப் பேர். படிப்பிலும் இல்லாமல் வேலையிலும் இல்லாமல் பயிற்சியிலும் இல்லாமல் இருப்பவர்கள் மொத்த இளைஞர்களில் ஐந்தில் ஒருவர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள். (ஒரு பெண்ணுக்குப் பத்தொன்பது வயதில் திருமணமும் இருபதில் குழந்தையும் ஆகிவிட்டால் அவளைப் பெரியவள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்த வயதுவரை ஒரு முடிவைக்கூட அவளை எடுக்க விடவில்லை என்பதை யாரும் கணக்கில் வைப்பதில்லை. நிகழ்வுகளை வைத்து முதிர்ச்சியை அளப்பது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.)

வயதை வைத்தும் அளக்க முடியவில்லை. சட்டப்படி பெரியவராவதற்கு 1876 முதல் இருபது வயதை எல்லையாகக் கொண்டிருந்த ஜப்பான், 2022 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அதைப் பதினெட்டாகக் குறைத்தது. மறுபுறம், வளரிளம் பருவத்தை இருபத்து நான்கு வயதுவரை நீட்டிக் கருத வேண்டும் என்று 2018-இல் மருத்துவ ஆய்வாளர்கள் சிலர் முன்மொழிந்தார்கள். பதினெட்டுக்கும் இருபத்தைந்துக்கும் இடைப்பட்ட ஆண்டுகளைத் தனியொரு பருவமாகவே பார்க்க வேண்டும் என்று 2000-இல் வாதிட்டவர் உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட். பதினாறு வயதிலேயே சுமை தூக்கப் போகும் பிள்ளைக்கு அப்படியொரு பருவம் வாய்ப்பதே இல்லை என்ற மறுப்பும் அவருக்கு எழுந்தது. அந்த மறுப்பு எனக்கும் நியாயமாகவே படுகிறது. ஆனால் பெரியவராவதற்கு அடையாளம் எது என்று இளைஞர்களிடமே கேட்டபோது அவருக்குக் கிடைத்த விடையை மறுக்க முடியவில்லை. தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்பது, தன் முடிவைத் தானே எடுப்பது, பணத்துக்குப் பிறரை நம்பாமல் இருப்பது ஆகியவையே முன்னால் நின்றன. திருமணம் வெகுதூரம் பின்னால் இருந்தது.

இனி அந்தக் காப்பீட்டுப் படிவத்துக்கு வருகிறேன். அதில் பெயர், பிறந்த தேதி, ஆண்டு வருமானம் ஆகியவற்றுக்குப் பிறகு, புகைப்பழக்கம் உண்டா என்ற கேள்வி இருந்திருக்கும். உங்கள் மகனுக்காக நீங்கள் அங்கே என்ன எழுதினீர்கள்? அவரிடம் கேட்டா எழுதினீர்கள்? தவறான தகவல் தரப்பட்டிருந்தால், இழப்பீடு கோரும் நாளில் அந்த ஒரு வரியைக் காட்டியே நிறுவனம் மறுக்கலாம். அதற்கும் கீழே நாமினி என்றொரு கட்டம் இருந்திருக்கும். நான் இறந்துபோனால் என் பணம் யாரைச் சேர வேண்டும், என்னை நம்பி இருப்பவர் யார் என்று இருபத்தாறு வயது மனிதர் ஒருவர் பேனாவைக் கையில் பிடித்தபடி இரண்டு நிமிடம் யோசிக்க வேண்டிய இடம் அது. அந்த இரண்டு நிமிடத்தை அவருக்குக் கிடைக்காமல் செய்தவர் நீங்கள்தான். அன்பினால் செய்தீர்கள், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று செய்தீர்கள், ஐயமில்லை. ஆனால் அவர் பிழையாக நிரப்பியிருந்தால் படிவம் திரும்பி வந்திருக்கும், மறுபடி நிரப்பியிருப்பார், அடுத்த முறை யாருடைய துணையும் அவருக்குத் தேவைப்பட்டிருக்காது.

எங்கள் இதழ் அலுவலகத்தில் இருபத்து மூன்று வயது உதவி ஆசிரியர் ஒருவர், ஒரு கட்டுரையில் ஒருவருடைய தந்தையின் பெயரைத் தவறாக அச்சேற விட்டுவிட்டார். மன்னிப்புக் கடிதத்தை நானே எழுதிவிடுவதாகச் சொல்ல வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டு, நீங்களே தொலைபேசியில் பேசுங்கள் என்றேன். எண்ணை எழுதிவைத்துக்கொண்டு அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். சொல்ல வேண்டிய மூன்று வரிகளைத் தாளில் எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். கடைசியில் அழைத்துப் பேசியபோது அந்தத் தாளை அவர் பார்க்கவே இல்லை. எதிர்முனையில் இருந்தவர் கோபித்துக்கொண்டார் என்பது எனக்கும் கேட்டது. ஆமாம், தவறு என்னுடையதுதான் என்று இவர் இரண்டு முறை சொன்னார். அன்று மாலை, அடுத்த இதழுக்கான பெயர்கள் அத்தனையையும் யாரும் சொல்லாமலேயே எடுத்து வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

உங்கள் மகனுக்கு நிரந்தர வேலையை உங்களால் வாங்கித் தர முடியாது. வீட்டு வாடகையைக் குறைக்கவும் முடியாது. அவருடைய முடிவுகளை அவரிடம் ஒப்படைக்க மட்டும் முடியும். வீட்டுச் செலவில் இவ்வளவு உன் பங்கு என்று பேசி முடிவு செய்யுங்கள். மீதியை அவர் எப்படிச் செலவழிக்கிறார் என்று கேட்காதீர்கள். அடுத்த படிவம் வரும்போது மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போய்விடுங்கள். சந்தேகம் கேட்டால் சொல்லிக் கொடுங்கள்; பேனாவை மட்டும் கையில் வாங்காதீர்கள்.