நாய்க்கும் ஈறுல ரத்தம், அப்பாவுக்கும் ஈறுல ரத்தம்: என்ன செய்யலாம்?

தங்கச்சிமடத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. வீட்ல ஏழு வயசு பொமரேனியன், பக்கத்துல வந்தாலே வாய் நாறுது, எலும்பு கடிச்சா ரத்தம் வருது. அவங்க அப்பா கடலுக்குப் போறவர், சுகர் இருக்கு, அவருக்கும் பல் தேய்க்கும்போது ரத்தம், ஒரு பல்லு ஆடுது. நாய் அவர் மூஞ்சிய நக்கிக்கிட்டே இருக்குமாம். இது ஒட்டுவாரொட்டியா, அவர் பேஸ்டையே நாய்க்கும் தேய்க்கலாமா, மெடிக்கல்ல ஏதாவது மாத்திரை வாங்கிக் குடுக்கலாமான்னு மூணு கேள்வி.

மாத்திரையில இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா உயிர் போற விஷயம் அதுலதான் இருக்கு. மனுஷனுக்கு வாங்கின வலி மாத்திரை எதையும் நாய்க்குக் குடுக்காதீங்க. புரூபன், டைக்ளோ எல்லாம் நாய்க்கு வயித்துல புண்ணாக்கி கிட்னியவும் கெடுத்துரும். பூனை இருக்க வீடா இருந்தா பாராசிட்டமால் பக்கமே போகாதீங்க, ஒரே மாத்திரையில பூனை செத்துரும். கிராம்பு தைலமும் வேண்டாம். ஆன்டிபயாட்டிக் மட்டும் வாங்கிப் போட்டா ஒரு வாரம் நாத்தம் குறையும், சரியாயிருச்சுன்னு விட்டுருவீங்க, உள்ள பல்லைத் தாங்குற எலும்பு அரிச்சிக்கிட்டே இருக்கும், அடுத்த மாசம் மறுபடி அதே கதை.

ஏன் அப்படின்னா, சாப்பிட்ட பிறகு பல்லு மேல வழுவழுன்னு ஊத்தை படியுதுல்ல, அது முழுக்க கிருமிதான், ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டு கிடக்கும், மருந்து அதுக்குள்ள சரியா எறங்காது. தேய்ச்சு எடுக்காம விட்டா எச்சில்ல இருக்க சுண்ணாம்புச் சத்து சேர்ந்து கல்லு மாதிரி இறுகி காரையாயிரும். மனுஷங்களுக்கு இதுக்கு சில நாள்ல இருந்து ரெண்டு வாரம் ஆகும், நாய் எச்சில்ல காரத்தன்மை கூட, அதுனால ரெண்டு மூணு நாள்லயே இறுகிரும். பொமரேனியன் மாதிரி சின்ன நாய்க்கு சின்ன வாய்க்குள்ள 42 பல்லும் நெருக்கியடிச்சு நிக்கிறதால இன்னும் மோசம். ஈறு மட்டும் சிவந்து ரத்தம் வர்ற கட்டத்துல சுத்தம் பண்ணிட்டா பழையபடி ஆயிரும். காரை ஈறுக்கு அடியில போயி எலும்பு கரைஞ்சிருச்சுன்னா அந்த எலும்பு திரும்ப தானா வளராது, இருக்கறத காப்பாத்துறதுதான் வைத்தியம்.

ஒட்டுமான்னு கேட்டீங்க. அப்பாவுக்கு வந்ததுக்கு நாய் காரணம் இல்ல. நாய் வாய்க் கிருமி பெரும்பாலும் வேற வகை. ஆனா சுகர் உள்ளவர், அதனால வாயிலயும் புண்ணுலயும் நக்க விடாதீங்க, அது போதும், நாயைத் தள்ளி வைக்கத் தேவையில்ல.

இப்ப பேஸ்ட். மனுஷ பேஸ்ட் நாய்க்கு வேண்டவே வேண்டாம். நாய் துப்பாது, முழுங்கிரும், ஃபுளோரைடும் நுரையும் வயித்துக்குப் போகும். சில பேஸ்ட்லயும் சுகர்ஃப்ரீ சூயிங்கம்லயும் சைலிட்டால்னு ஒரு இனிப்பு இருக்கு, அது நாய் உடம்புல இன்சுலினைக் கொட்ட வச்சு அரைமணி ஒருமணி நேரத்துல சுகரை இறக்கி நாயை மயக்கத்துல தள்ளிரும், ஈரலும் போகலாம். கல்லுப்பு தேய்க்கிறதும் வேண்டாம். நாய்க்குன்னு விக்கிற பேஸ்ட் வாங்குங்க, கிடைக்கலன்னா வெறும் தண்ணியில நனைச்ச மெல்லிசு துணிய விரல்ல சுத்தித் தேய்ச்சாலே போதும், வேலை செய்யறது உரசல்தான், பேஸ்ட் ருசிக்கு.

ஆனா இன்னைக்கே ஆரம்பிச்சிராதீங்க. வலிக்கிற ஈறுல துணிய வச்சா கடிக்கும், அப்புறம் ஜென்மத்துக்கும் வாயத் தொட விடாது. முதல்ல காரைய எடுக்கணும், அதுக்கு மயக்கம் குடுத்துத்தான் ஆகணும். மயக்கம் இல்லாம சுரண்டி விடுறோம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, வெளிய வெள்ளையா தெரியும், நோய் இருக்கறது ஈறுக்கு அடியில, முழிச்சிருக்க நாய் அங்க கருவி விட விடுமா? ஏழு வயசு நாய்க்கு மயக்கத்துக்கு முன்னாடி ரத்த டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. ராமநாதபுரத்துல வசதி இருக்கான்னு முதல்ல விசாரிங்க, இல்லன்னா மதுரை, இல்லன்னா திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி. ஆடுற பல்லை புடுங்கச் சொன்னா தயங்காதீங்க, புடுங்கினப்புறம் நாய்ங்க முன்னவிட நல்லா சாப்பிடும். சின்ன நாய்க்கு விட்டுவச்சா தாடை எலும்பே மெலிஞ்சு உடையறது உண்டு.

ஈறு ஆறினதும் தினமும் தேய்க்கப் பழக்குங்க. முதல்ல உதட்டைத் தொட்டா பிடிச்சதக் குடுங்க, அப்புறம் விரல், அப்புறம் துணி, அவசரப்படாம ரெண்டு மூணு வாரம் எடுத்துக்கங்க. பல்லோட வெளிப்பக்கம் போதும், மேல் கடவாப்பல்ல கவனம் வைங்க, காரை அங்கதான் அதிகம். நம்ம கடலோர வீடுகள்ல மீன் தலை, முள்ளு, கருவாட்டு மிச்சம் எல்லாம் நாய்க்குத்தான், அதுல பல்லு சுத்தமாகும்னு ஒரு நம்பிக்கை. ஆகாது. முள்ளு ஈறுல குத்தி நிக்கும், கருவாட்டு உப்பு தனி கேடு, வேகவச்ச எலும்பு சிலாம்பு சிலாம்பா உடையும். நகத்தால அழுத்தினா பதியாத எதையும் கடிக்கக் குடுக்காதீங்க, பல்லு பிளந்துரும்.

அப்பாவுக்கு வருவோம். பல்லு டாக்டர்கிட்ட கூட்டிப் போங்க, ராமநாதபுரம் அரசு மருத்துவமனையிலயே பல் பிரிவு இருக்கு. சுகர் இருக்கறதையும் பிரஷருக்கு அம்லோடிபின் மாதிரி எதும் போட்டா அதையும் சொல்லச் சொல்லுங்க, அந்த மாத்திரை சிலருக்கு ஈறை வீங்க வைக்கும், ஆனா தானா நிறுத்தக் கூடாது. சுகரும் ஈறும் ஒன்னையொன்னு கெடுக்கும், ஈறை சரிபண்ணினா சுகரும் கொஞ்சம் கட்டுக்கு வர்றதுண்டு. க்ளீனிங் பண்ணினா பல்லு ஆடும்னு பயந்து போகாம இருக்காங்க நம்ம ஆளுங்க. ஆடுற பல்லைக் காரை முட்டுக் குடுத்து வச்சிருக்கும், எடுத்ததும் ஆட்டம் வெளிய தெரியுது, அவ்வளவுதான், ஆட வச்சது காரை.

கரித்தூள், செங்கப்பொடி நிப்பாட்டிட்டு மெத்து பிரஷ், ஈறும் பல்லும் சேர்ற இடத்துல சாய்ச்சு வச்சு ராத்திரியும் காலையும் ரெண்டு நிமிஷம். ரத்தம் வருதுன்னு தேய்க்காம விட்டா இன்னும் கூடும். பெரியபட்டினம், கீழக்கரை பக்கம் மிஸ்வாக் குச்சி வச்சு தேய்க்கிறாங்க, நல்ல பழக்கம், ஆனா பல்லிடுக்குக்கு சின்ன பிரஷ் தனியா வேணும். இளஞ்சூடா ஒரு டம்ளர் தண்ணியில அரை ஸ்பூன் உப்பு போட்டு கொப்பளிக்கலாம், போட்ல இருந்து கடல் தண்ணிய அள்ளிக் கொப்பளிக்க வேண்டாம், படகுத்துறை பக்கம் டீசலும் மீன் கழிவும் கலந்து கிடக்கு. பீடி, புகையிலை விடணும். பீடி குடிக்கிறவங்களுக்கு ரத்தம் வராமலே எலும்பு கரையும், அதுனால ரத்தம் நின்னுருச்சுன்னு சொன்னாலும் டாக்டர் பாத்து சொல்லட்டும்.

இன்னொன்னு, எந்த நாய் வாயிலயும் கை வைக்கிறதுக்கு முன்னாடி ரேபிஸ் ஊசி போட்டிருக்கான்னு பாருங்க. ஊசி போடாத நாய் திடீர்னு எச்சில் வடிச்சுக்கிட்டு, தாடை தொங்கி, முழுங்க முடியாம நின்னா, முள்ளு மாட்டிக்கிச்சுன்னு நினைச்சு விரலை விட்டுறாதீங்க, அது வெறிநோயா இருக்கலாம். எச்சில் பட்டுருச்சுன்னா பதினஞ்சு நிமிஷம் சோப்பு போட்டு ஓடுற தண்ணியில கழுவிட்டு அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயி தடுப்பூசி பத்திக் கேளுங்க.