ஓடும் வீட்டில் வேலை யாருக்கு?

கேள்வி: டிசம்பர் பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு நியூசிலாந்து சென்று கேம்பர்வேன் (படுக்கை, அடுப்பு, கழிப்பறை உள்ள வண்டி) வாடகைக்கு எடுக்க இருக்கிறோம். ஓட்டல் வாடகை மிச்சம், நினைத்த இடத்தில் நிறுத்தித் தூங்கலாம், சமையலை அம்மாவும் மனைவியும் பார்த்துக்கொள்வார்கள், நான் வண்டி ஓட்டினால் போதும் என்கிறார்கள் நண்பர்கள். சரிதானே?
– வாசகர், பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: சரியில்லை. ஓட்டுவதுதான் அந்தப் பயணத்தில் சுலபமான வேலை. அங்கும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். ஒற்றைத்தடப் பாலங்களில் வழி யாருக்கு முதலில் என்பதைப் பலகையில் பார்த்துக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது. இறங்கிய பிறகுதான் வேலை தொடங்குகிறது. அதை அம்மா தலையிலும் மனைவி தலையிலும் கட்டிவிட்டால், விடுமுறை உங்கள் ஒருவருக்கு மட்டும்தான்.

கழிப்பறையை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியின் பக்கவாட்டிலுள்ள சிறு கதவைத் திறந்து கழிவுப் பெட்டியை வெளியே இழுத்து, கழிவைக் கொட்டும் இடமான டம்ப் ஸ்டேஷனுக்குத் தூக்கிச் சென்று, காற்று நுழையும் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே மெதுவாகக் கவிழ்க்க வேண்டும். அழுத்த மறந்தவரின் கால்சட்டை வரை அது தெறிக்கும். பக்கத்து வண்டிக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தண்ணீர்க் குழாயைக் காட்டுவார். இந்த வேலை யாருடையது என்பதைப் பினாங்கிலேயே பேசி முடித்துவிடுங்கள். வண்டி ஓட்டுபவரே இதையும் ஏற்பதுதான் நியாயம் என்பது என் கருத்து.

அலமாரித் தாழ்ப்பாளைப் போடாமல் கிளம்பினால் முதல் வளைவிலேயே சாம்பார்த்தூள் டப்பா மெத்தைமேல் கொட்டும், அந்த வாசனையில்தான் அன்றிரவு எல்லாரும் உறங்க வேண்டும். பெரும்பாலான வாடகை வண்டிகளில் ரைஸ் குக்கர் மின்இணைப்புள்ள முகாமில்தான் வேலை செய்யும். மற்ற இரவுகளில் கேஸ் அடுப்பில் சோறு வடிக்க வேண்டும், அதை நீங்களும் வடிக்கலாம்.

நினைத்த இடத்தில் தூங்கலாம் என்பதும் தவறு. எங்கே இரவு தங்கலாம் என்பதை அந்தந்த ஊராட்சி மன்றத்தின் விதிகள் முடிவு செய்கின்றன, மீறினால் அபராதம் உண்டு. கழிவைத் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளும் வண்டி என்ற சான்று பெற, உள்ளேயே பொருத்தப்பட்ட கழிப்பறை இருக்க வேண்டும் என்று 2023ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஏரிக்கரைகளையும் கடற்கரைகளையும் வந்துபோகிறவர்கள் அசுத்தப்படுத்தியதால் வந்த கட்டுப்பாடு இது. நாமும் அதை மதித்தே ஆக வேண்டும்.

ஊறுகாய், கருவாடு, மசாலா என்று எதைக் கொண்டுபோனாலும் விமான நிலையத்தில் மறைக்காமல் அறிவியுங்கள். அறிவிக்கத் தவறினால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.

இன்னொன்று. பல வண்டிகளில் ஒரு படுக்கை ஓட்டுநர் இருக்கைக்கு மேலே இருக்கும், ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும். உங்கள் அம்மாவுக்குக் கீழே நிலையான படுக்கை உள்ள வண்டியாகப் பதிவு செய்யும்போதே கேட்டு வாங்குங்கள்.