மூளைக்கட்டி: ரிப்போர்ட் மட்டும் போதாது, பிளாக் எங்கே?

மும்பையில் சிகிச்சை பார்க்கும் நம் குடும்பங்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பயாப்சி திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் பெயர் சொல்வதுதான் என் வேலை. அதனால் பதில்களும் அந்தப் பக்கமே சாயும்.

தாராவி: டாக்டரம்மா, தம்பிக்கு ஊரில் ஆபரேஷன் முடிந்தது. 'ஒலிகோடென்ட்ரோகிளியோமா' என்ற மூளைக்கட்டி என்று ரிப்போர்ட். பரேல் ஆஸ்பத்திரியில் 'பிளாக் கொண்டு வாங்க' என்கிறார்கள். அது என்ன?

தம்பியின் கட்டியில் எடுத்த திசுவைப் பதித்து வைத்த மெழுகுத் துண்டும்மா. தீப்பெட்டியைவிடச் சின்ன பிளாஸ்டிக் சட்டத்தில் இருக்கும். வெள்ளை மெழுகுக்கு நடுவே துவரம்பருப்பு அளவில் பழுப்பாகத் தெரிவதுதான் திசு. அதைச் சீவித்தான் மரபணுச் சோதனை செய்ய முடியும். 2021 உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டின்படி, ஐ.டி.எச். மரபணு மாறியிருக்க வேண்டும்; 1பி, 19க்யூ என்ற குரோமோசோம் துண்டுகள் இரண்டும் சேர்ந்தே காணாமல் போயிருக்க வேண்டும். அப்போதுதான் அது ஒலிகோ. ஐ.டி.எச். மாறியும் துண்டுகள் அப்படியே இருந்தால், பெரும்பாலும் அது ஆஸ்ட்ரோசைட்டோமா என்ற வேறு வகைக் கட்டி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்து எங்களையே ஏமாற்றியதுண்டு.

பிளாக்கைக் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். அதன் நம்பர் ரிப்போர்ட்டில் இருக்கிறதா பாருங்கள். கைப்பையில் வைத்தே கொண்டு வாருங்கள், வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள், மெழுகு இளகிவிடும். ஒரு அம்மா ரிப்போர்ட்டை எட்டு நகல் எடுத்து வந்தார், பிளாக் ஊரிலேயே இருந்தது. வீணாய்ப்போன அந்தப் பத்து நாள் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

செம்பூர்: அம்மாவுக்குத் தலைவலி தாங்கவில்லை. ஆனாலும் பயாப்சி வரை ஸ்டீராய்டு தரமாட்டேன் என்கிறார் டாக்டர். இது கொடுமை இல்லையா?

வேதனை புரிகிறது. அவர் மூளை லிம்ஃபோமாவை, அதாவது நிணநீர்ச் செல்களில் வரும் புற்றுநோயைச் சந்தேகிக்கிறார் என்று நினைக்கிறேன். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தால் அந்தக் கட்டி சில நாளிலேயே சுருங்கிவிடலாம், பயாப்சியில் ஒன்றும் சிக்காமல் போகலாம். நோய் போயிருக்காது, மறுபடி வரும். ஆனால் அம்மா மயங்கினாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ காத்திருக்கக் கூடாது, உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள்.

டோம்பிவிலி: ஸ்கேனில் கட்டி என்றாலே புற்றுநோய்தானா?

இல்லை. நம் நாட்டில் காசநோய்க் கட்டியும், நாடாப்புழு முட்டையால் வரும் நீர்க்கட்டியும் ஸ்கேனில் அப்படியே தோன்றும். இரண்டுக்கும் மருந்து உண்டு.

ஆண்டாப் ஹில்: மகனுக்கு 13 வயது. ஓயாமல் தண்ணீர் குடிக்கிறான், ராத்திரியில் ஐந்து தடவை எழுகிறான். சர்க்கரை இல்லை. எம்.ஆர்.ஐ.யில் பிட்யூட்டரித் தண்டு தடித்திருக்கிறதாம்.

மூளைக்கும் பிட்யூட்டரிச் சுரப்பிக்கும் நடுவிலுள்ள அந்தத் தண்டு பாதித்தால், உடலில் நீரைத் தக்க வைக்கும் ஹார்மோன் குறைந்து இப்படித் தாகம் எடுக்கும். ஜெர்மினோமா என்ற கட்டியாக இருக்கலாம், வேறு காரணங்களும் உண்டு. ரத்தத்திலும் முதுகுத்தண்டு நீரிலும் ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி. என்ற, சில கட்டிகள் சுரக்கும் பொருட்களின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். இவை இயல்பாக இருந்தாலும் ஜெர்மினோமா இல்லை என்றாகாது, எம்.ஆர்.ஐ.யைத் திரும்ப எடுக்க வேண்டும், பயாப்சியும் தேவைப்படலாம். அதுவாகவே இருந்தாலும், மூளைக்கட்டிகளில் கதிர்வீச்சுக்கு மிக நன்றாகக் கரைபவற்றில் இதுவும் ஒன்று, பெரும்பாலான பிள்ளைகள் குணமாகிறார்கள். அதுவரை தண்ணீரை மட்டும் கட்டுப்படுத்தாதீர்கள். பள்ளிக்கும் பாட்டில் கொடுத்து அனுப்புங்கள், டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.